டிராகுலாவின் நிழல் ஏன் தனியாக நகர்கிறது?

கேள்வி இதுதான்: "1992-இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கிய டிராகுலா படத்தில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அந்தக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள்? வசதி இருந்தும் பழைய முறைக்குப் போனது வெறும் பழமைப் பற்றா?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில், உண்மைதான். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளில் மிகப் பெரும்பாலானவை படப்பிடிப்புத் தளத்தில், கேமராவுக்குள்ளேயே முடிக்கப்பட்டவை. இரண்டாம் பாதிக்கு, பழமைப் பற்று இல்லை என்பது என் பதில். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

கொப்போலா முதலில் வழக்கமான தந்திரக் காட்சிக் குழு ஒன்றைத்தான் அமர்த்தினார். அவர் கேட்டதையெல்லாம் நவீனத் தொழில்நுட்பம் இல்லாமல் எடுக்க முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, அப்போது இருபதுகளில் இருந்த தன் மகன் ரோமன் கொப்போலாவிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். விதி ஒன்றே ஒன்று: சினிமா பிறந்த காலத்தில் ஒரு கலைஞனுக்குக் கைவசம் இருந்திருக்கக்கூடிய உத்திகளை வைத்தே எடுக்க வேண்டும். கண்ணாடி, நிழல், சிறு மாதிரிகள், வரைந்த பின்னணி, பின்னோக்கி ஓடும் படச்சுருள், ஒரே சுருளில் இரண்டு மூன்று முறை பதிவு. இவ்வளவுதான் ஆயுதங்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் படத்தின் மையமே பிடிபடும். பிராம் ஸ்டோக்கரின் நாவல் வெளிவந்தது 1897 மே மாதம். படம் எடுக்கவும் திரையிடவும் பயன்பட்ட லூமியேர் சகோதரர்களின் கருவியான சினிமட்டோகிராஃப் லண்டனில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது 1896 பிப்ரவரியில், ரீஜன்ட் தெருவில் இருந்த பாலிடெக்னிக் நிறுவனத்தில். ஸ்டோக்கரும் அதே லண்டனில் லைசியம் நாடக அரங்கின் நிர்வாகியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பாலிடெக்னிக் கட்டடத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1862 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் அங்கேதான் ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்தி, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விளக்கொளியில் நின்ற நடிகரின் பிம்பத்தை மேடையில் ஆவியாக உலவ விட்டார். பேய்க்கும் சினிமாவுக்கும் லண்டனில் ஒரே முகவரி. பிரான்சில் ஜார்ஜ் மெலியெஸ் 1896-லேயே மூன்று நிமிடப் படம் ஒன்று எடுத்துவிட்டார். அதில் ஒரு வௌவால் பறந்து வந்து சட்டென்று மனித உருக்கொண்ட சாத்தானாக மாறுகிறது. நாவல் அச்சேறும் முன்பே திரையில் வௌவால் மனிதனாகிவிட்டது.

கொப்போலா இதை நன்றாக உணர்ந்திருந்தார். அவருடைய டிராகுலா லண்டனுக்கு வந்ததும் போய்ப் பார்க்க விரும்புவது சினிமட்டோகிராஃபைத்தான். கதாநாயகி மீனாவை அவன் தெருவில் முதலில் சந்திக்கும் பகுதியைக் கையால் சுழற்றும் பழைய பாதே கேமராவில் எடுத்தார்கள். கை சுழற்றும் வேகம் ஒரு சீராக இருக்காது; அதனால் வெளிச்சம் கூடிக் குறைந்து துடிக்கிறது, மனிதர்கள் சற்றே வெட்டி வெட்டி நடக்கிறார்கள். பிறகு காட்சி வழக்கமான வேகத்துக்கு மாறும்போது, நூறு ஆண்டுப் பழைய ஆவணப் படத்திலிருந்து ஒருவன் எழுந்து நம் காலத்துக்குள் நடந்து வருவது போல இருக்கிறது. அவனுக்கு வயது நானூறுக்கு மேல் என்பதை வசனம் சொல்லவில்லை, கேமரா சொல்லிவிட்டது.

இனி நீங்கள் கேட்ட "எப்படி" என்பதற்கு வருகிறேன்.

கோட்டையில் டிராகுலாவின் நிழல் அவனுக்குக் கட்டுப்படாமல் நடக்கும். அவன் நின்ற இடத்திலேயே நிற்பான், நிழலின் கைகள், கோட்டைக்கு வந்திருக்கும் ஆங்கிலேய வழக்கறிஞன் ஹார்க்கரின் கழுத்தை நோக்கி நீளும். இது வேறொரு நடிகரின் நிழல். டிராகுலாவாக நடித்த கேரி ஓல்ட்மனின் அசைவுகளை அப்படியே பின்பற்றப் பயிற்சி பெற்ற அந்த நடிகர், தனி விளக்கின் முன்னால் நின்று சற்றுத் தாமதித்தோ முந்திக்கொண்டோ நகர்ந்தார். நம் மூளை உடலுக்கும் நிழலுக்கும் இடையிலான ஒத்திசைவை ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது. அரை நொடி பிசகினாலும் அடிவயிறு குளிர்கிறது. இங்கே முக்கியம், நிழல் உண்மையான நிழல் என்பது. தளத்திலேயே, நடிகருக்குப் பின்னால் விழுகிறது. கண்ணுக்கு எதுவும் பொய்யாகப் படவில்லை. ஆனால் உலகத்தின் விதி ஒன்று மீறப்பட்டிருக்கிறது.

டிராகுலாவுக்குப் பலியாகும் மீனாவின் தோழி லூசியின் கல்லறைக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வெள்ளை மணக்கோலத்தில், கழுத்தைச் சுற்றிப் பெரிய விசிறி மடிப்புகளோடு இறந்தவள் நடந்து வருகிறாள். சிலுவையைக் கண்டதும் பின்வாங்கிச் சென்று சவப்பெட்டிக்குள் படுக்கிறாள். நடிகை சேடி ஃப்ராஸ்ட் உண்மையில் செய்தது இதற்கு நேர் எதிர்: பெட்டியிலிருந்து எழுந்து, இறங்கி, முன்னால் நடந்தார். படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டியபோது அது பின்வாங்கல் ஆனது. ஒரு மனிதர் பின்னால் நடந்தால் பாதம் தரையைத் தேடும், இடுப்பு தயங்கும், துணி உடலுக்குப் பின்னால் இழுபடும். இங்கே எந்தத் தேடலும் இல்லை. அங்கியின் ஓரங்கள் நடையைத் தொடராமல் அதற்கு முன்பாகவே நகர்கின்றன. காலம் தலைகீழாக ஓடும் ஓர் உடலைத்தான் பார்க்கிறோம். இறந்தும் இறக்காதவர்களின் நிலையை இதைவிடத் துல்லியமாக எந்த ஒப்பனையும் காட்டிவிட முடியாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசனைப் புட்டியிலிருந்து துளிகள் மேல்நோக்கிச் சொட்டும் நொடியையும் கவனித்திருப்பீர்கள். புட்டியைத் தலைகீழாகப் பொருத்திக் கேமராவையும் தலைகீழாக வைத்துவிட்டால் போதும், புவியீர்ப்பே மிச்ச வேலையைச் செய்துவிடும். எலிகள் கூரை உத்தரத்தில் தலைகீழாக ஓடுவது ஒரே சுருளில் இரண்டு முறை பதிவு செய்தது. டிராகுலாவின் மணப்பெண்களான ரத்தக்காட்டேரிகள் மூவரும் ஹார்க்கரின் படுக்கைக்குள்ளிருந்து முளைத்து வருவதற்குக் கட்டிலில் மறைவுத் திறப்பு இருந்தது. நாடக மேடையில் காலங்காலமாக இருக்கும் உத்தி அது.

ரயில் பயணத்தில் மூன்று தந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஹார்க்கரின் நாட்குறிப்புப் பக்கத்தின் மேல் விளிம்பில் ரயில் ஓடும், அதன் புகை எழுத்துகளின் மீது படரும். அதற்கு மிகப் பெரிய அளவில் ஒரு புத்தகம் செய்து, அதன் பின்னால் சிறிய மாதிரி ரயிலை ஓட்டினார்கள். பெட்டிக்குள் அமர்ந்திருக்கும், ஹார்க்கராக நடித்த கியானு ரீவ்ஸின் முகத்தில் டிரான்சில்வேனியாவின் வரைபடம் ஊர்கிறதே, அது தளத்திலேயே புரொஜெக்டர் மூலம் அவர் முகத்தில் வீழ்த்தியது. ஜன்னலுக்கு வெளியே சிவந்த வானத்தில் தோன்றும் டிராகுலாவின் கண்களும் அப்படியே பின்னணித் திரையில் வீழ்த்தியவை. நடிகர் கற்பனை செய்துகொண்டு நடிக்கவில்லை. திரும்பியிருந்தால் அந்தக் கண்களை அவரே பார்த்திருக்கலாம்.

ஒரே சுருளில் பலமுறை பதிவு செய்வது என்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். முதல் பதிவை எடுத்தபின் பிலிமைக் கழுவ முடியாது. எந்த ஃப்ரேமில் தொடங்கி எதில் முடித்தோம் என்று குறித்துக்கொண்டு, இருட்டிலேயே சுருளைத் திரும்பச் சுற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாவது காட்சியின் அரங்கு தயாராகும்வரை அது காத்திருக்கும். முதல் பதிவில் எந்த இடம் கறுப்பாக விடப்பட்டதோ அந்த இடத்தில்தான் இரண்டாவது உருவம் விழ வேண்டும். தவறினால் இரண்டு காட்சிகளும் சேர்ந்தே போய்விடும். பிறகு ஏன் இந்தப் பாடு? லேபில் இரண்டு தனிச் சுருள்களை ஒன்றாக அச்சிடும் முறை அப்போது எல்லோரிடமும் இருந்ததே? காரணம் கண்ணுக்குத் தெரியக்கூடியது. அச்சிடும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு தலைமுறை தேய்கிறது. பிலிமின் மணிகள் பருக்கின்றன, கறுப்பு வெளுக்கிறது, நிறம் கனக்கிறது. தந்திரக் காட்சி வரப்போகிறது என்பதை அந்தத் தேய்மானமே பார்வையாளருக்கு முன்கூட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கேமராவுக்குள் இணைத்த படத்தில் எல்லாமே மூல நெகட்டிவில் இருக்கிறது. மைக்கேல் பால்ஹவுஸ் ஒளிப்பதிவு செய்த அந்தச் சிவப்பும் கறுப்பும் காட்சிக்குக் காட்சி மங்காமல் நிற்பதற்கு இது பெரிய காரணம்.

தொடக்கத்தில், 1462-ஆம் ஆண்டுப் போர்க்களம். சிவப்பு வானத்துக்கு எதிராகக் கறுப்பு உருவங்கள் ஈட்டியில் ஏறிச் சாய்கின்றன. பொம்மைகளும் மனிதர்களும் நிழலுருவாகக் கலந்து நிற்க, எது எது என்று பிரிக்க முடியாது. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாணி உடனே நெருக்கமாகிவிடும். திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு, முன்னால் ஒரு பெரும் போர். ஆயிரக்கணக்கான துணைநடிகர்களை நிறுத்தியிருந்தால் இது வரலாற்றுப் படமாகியிருக்கும். நிழலாக இருப்பதால் புராணம் ஆகிவிட்டது.

ஆடைகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தின் காட்சியழகைப் பேச முடியாது. ஜப்பானிய வடிவமைப்பாளர் எய்கோ இஷியோகாவை அழைத்து, அரங்குகளில் சிக்கனம் பிடித்து ஆடைகளில் பணத்தைப் போட்டார் கொப்போலா. கோட்டையின் பெரும்பகுதி இருட்டு. இருட்டில் ஓர் உருவம், அந்த உருவமே அரங்கு. தோல் உரித்த தசை நார்களைப் போலத் தெரியும் சிவப்புக் கவசம், தரையில் நெடுந்தூரம் வழியும் செந்நிற அங்கி, குஸ்தாவ் கிளிம்ட்டின் ஓவியத்தை நினைவூட்டும் பொன்னங்கி. லூசியின் மணக்கோலக் கழுத்துப்பட்டைக்கு மாதிரி, ஆஸ்திரேலியாவில் வாழும், கழுத்து மடிப்பை விசிறியாக விரிக்கும் பல்லி. மேலே சொன்ன பின்னோக்கு நடையில் அந்த விசிறி அசைவதைப் பார்த்தால், ஆடையும் தந்திரமும் எப்படி ஒரே சிந்தனையில் பிறந்தன என்பது புரியும். ஆடை, ஒப்பனை, ஒலித் தொகுப்பு என்று மூன்று ஆஸ்கர் விருதுகள் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. இஷியோகாவுக்குக் கிடைத்தது அதில் மிகத் தகுதியானது.

இந்த உத்திகள் எதையும் கொப்போலா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரத்தக்காட்டேரிப் படங்களின் மரபே இதுதான்.

1922-இல் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டுவில் பயணியை ஏற்றிச் செல்லும் வண்டி, குறைந்த வேகத்தில் எடுத்து வேகமாக ஓட்டப்பட்டது. நடுவில் சில நொடிகள் நெகட்டிவே நேராகத் திரைக்கு வருகிறது. மரங்கள் வெளுத்து எலும்பாக நிற்கின்றன. அதில் டிராகுலாவுக்குப் பதிலாக வரும் ரத்தக்காட்டேரியான ஆர்லோக் பிரபு ஏறிப் போகும் மாடிப்படிக் காட்சியில் அவரையே காணோம், நிழல் மட்டும்தான். கடைசியில் சூரிய ஒளி பட்டு அவர் கரைவது ஒரு எளிய மறைவு உத்தி. சூரிய ஒளியில் ரத்தக்காட்டேரி அழியும் என்ற நம்பிக்கையைத் திரைக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான்; ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடுவான், வலிமை மட்டும் குறைந்திருக்கும். கொப்போலா நாவலைப் பின்பற்றியதால்தான் அவருடைய டிராகுலா லண்டன் வெயிலில் கண்ணாடி அணிந்து உலவுகிறான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமல் போகிறது. நோஸ்ஃபெராட்டுவின் இரவுக் காட்சிகள் பகலில் எடுக்கப்பட்டவை. அக்கால வழக்கப்படி பிரதிகளுக்குச் சாயம் ஏற்றினார்கள்: இரவுக்கு நீலம், விளக்கொளிக்கும் பகலுக்கும் மஞ்சள் சாயல்கள். உரிமை பெறாமல் நாவலைத் தழுவியதால் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்க ஜெர்மன் நீதிமன்றம் 1925-இல் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளிலிருந்து எடுத்த சாயமில்லாத நகல்களே நெடுங்காலம் உலவின. அவற்றில் ஆர்லோக் பளிச்சென்ற பகலில் சவப்பெட்டியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார். வெயிலில் அழிய வேண்டியவர் வெயிலில் நடக்கிறாரே என்று பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். நீலத்தைத் திருப்பிக் கொடுத்தால் சிரிப்பு நின்றுவிடும். நிறம் அங்கே அலங்காரமாக இல்லை, கதையின் தர்க்கமாகவே இருக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து டென்மார்க்கின் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த வாம்பயர், என் கணக்கில் இந்த வகையின் மிகத் துணிச்சலான படம். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே லென்ஸுக்குச் சற்று முன்னால் மெல்லிய வலைத் துணியைக் கட்டி எடுத்தார். படம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம். கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது போன்ற வெளிச்சம். அதில் மரக்கால் சிப்பாய் ஒருவன் உட்கார்ந்திருக்க, அவன் நிழல் வெளியே போய்விட்டு வந்து அவனோடு சேர்ந்துகொள்கிறது. குழி தோண்டுபவனின் நிழல் மண்ணை அள்ளிப் போடுவதற்குப் பதில் மண் அவன் மண்வெட்டிக்குத் திரும்பி வருகிறது. கொப்போலாவின் நிழலுக்கும் லூசியின் நடைக்கும் மூதாதைகள் இவை.

1931-இல் பெலா லுகோசி நடித்த டிராகுலாவில் தந்திரங்கள் குறைவு. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயண்ட் அவர் கண்களில் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்றுகளைப் பாய்ச்சியது போதுமானதாக இருந்தது. 1958-இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் வண்ணத்தைக் கொண்டுவந்தது. அதில் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ சாம்பலாக உதிரும் முடிவு இன்றும் நிற்கிறது. 1967-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் நடன அறையின் பெரிய நிலைக்கண்ணாடியில் மனிதர்கள் மட்டும் தெரிய, ரத்தக்காட்டேரிகள் தெரியமாட்டார்கள். அங்கே கண்ணாடியே கிடையாது. சட்டத்துக்கு அப்பால் அதே அறையை மறுபடி கட்டி, அதே உடையில் வேறு ஆட்களை ஆட வைத்தார்கள்.

இத்தாலியின் மாரியோ பாவாவின் வேலை தனி மரியாதைக்குரியது. 1957-இல் வந்த இ வாம்பிரி படத்தில் ஓர் அழகி ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல், கிழவியாகிறாள். அவள் முகத்தில் சுருக்கங்களை முன்பே வரைந்துவிட்டார்கள், ஒரு குறிப்பிட்ட நிறத்தில். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். சிவப்பில் வரைந்த கோடு சிவப்பு ஒளியில் தோலோடு கலந்து மறைந்துவிடும். விளக்கின் முன்னால் நிறத்தகட்டை மெல்ல மாற்றிப் பச்சையையோ நீலத்தையோ கொண்டுவந்தால், அதே கோடு கறுத்து எழும். நடிகை அசையவில்லை, கேமரா அசையவில்லை, முகத்தை யாரும் தொடவில்லை. ஒளி மாறியது, முதுமை வந்தது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இதே உத்தியை 1925-இன் பென்ஹர் படத்தில் தொழுநோயாளிகள் குணமாவதற்கும், 1931-இன் ஜெகில்-ஹைட் படத்தில் உருமாற்றத்துக்கும் பயன்படுத்தியிருந்தார். வண்ணப் படம் வந்ததும் இந்த வித்தை செத்தது, ஏனென்றால் நிற மாற்றமே கண்ணில் பட்டுவிடும். ஒரு குறையை வைத்துக் கட்டிய அழகு, குறை நீங்கியதும் போய்விட்டது.

கொப்போலாவின் படத்தில் எல்லாமே கைகூடியது என்று நான் சொல்லவில்லை. டிராகுலா பெரிய வௌவால் உருவில் எல்லோர் முன்னாலும் நிற்கும் காட்சியில் ரப்பர் உடை நீண்ட நேரம் தெரிகிறது. அடுத்த கணம் அந்த உருவம் எலிக் கூட்டமாகச் சரிந்து விழும்போதுதான் அச்சம் திரும்புகிறது. பழைய உத்திகளுக்குக் காட்டும் நேரம் மிக முக்கியம். ஒரு நொடி கூடினாலும் தையல் தெரிந்துவிடும். ஓநாய்ப் பார்வையில் தோட்டத்தின் வழியே பாய்ந்து வரும் காட்சிகள் இதற்கு நேர்மாறு. ஃப்ரேம்களை விட்டுவிட்டுப் பதிந்த அந்தத் தெறிக்கும் ஓட்டத்தில் மிருகத்தைக் காட்டவே இல்லை, அதன் பசியை மட்டும் காட்டினார்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கணினி மோசம், கைவேலை உயர்வு என்ற வாதம் எனக்கு ஏற்புடையது அல்ல. 1993-இல், கொப்போலாவின் படம் வந்த அடுத்த ஆண்டே, கணினி டைனோசர்களை உயிரோடு நடக்க வைத்தது. அது அந்தக் கதைக்குச் சரியான முடிவு. ஒரு விலங்கு இருந்தால் எப்படி இருக்கும் என்று நம்ப வைப்பது அங்கே வேலை. ரத்தக்காட்டேரிக் கதைக்கு அந்த வேலை இல்லை. நிழல் விழாதவன், கண்ணாடியில் தெரியாதவன், வயதாகாதவன், தொலைவில் இருந்தே ஆட்டுவிப்பவன் என்று அவனைப் பற்றிச் சொல்லப்படுவது அனைத்தும் ஒளியையும் பிம்பத்தையும் காலத்தையும் பற்றியவை. கேமரா கையாளும் மூன்று பொருள்களும் அவைதான். நிழலைப் பிரிப்பது, பிம்பத்தை மறைப்பது, காலத்தைத் திருப்புவது எல்லாம் சினிமா பிறந்தவுடனேயே கற்றுக்கொண்ட பாடங்கள். அவற்றைக் கொண்டு அவனைக் காட்டும்போது கதையும் கருவியும் ஒன்றையே பேசுகின்றன. கொப்போலா பழைய முறைக்குப் போனதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 2024-இல் ராபர்ட் எகர்ஸ் நோஸ்ஃபெராட்டுவை மறுபடி எடுத்தபோது 35 மி.மீ. பிலிமையும் உண்மையான மெழுகுவர்த்திச் சுடரையும் நாடினார். தேவைப்பட்ட இடத்தில் கணினியையும் சேர்த்துக்கொண்டார். அதுவும் நேர்மையான வழிதான்.

பார்க்க விரும்பினால் ஓர் யோசனை. நோஸ்ஃபெராட்டுவைச் சாயம் மீட்கப்பட்ட பிரதியில் மட்டும் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வெளிறிய நகல்களைத் தவிர்த்துவிடுங்கள். அடுத்து வாம்பயர், நல்ல இருட்டறையில். அதன்பின் கொப்போலாவுக்கு வாருங்கள். முதல் முறை கதைக்காகப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். சுவர்களையும் ஆடையின் ஓரங்களையும் மட்டும் கவனித்தால் போதும். நான் மேலே சொன்னவற்றைவிட அதிகமான தந்திரங்கள் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படும்.